பிரவுசரில் நடன இசை, கைக்கு உதவும் மென்பொருள், உள்ளூர்க் கூடுகை: மூன்றையும் ஒரே மாலையில் வைக்கலாமா?

பக்கவடிவன்

வணக்கம் நண்பர்களே. நான் வெப் டெவலப்பர். பகல் முழுக்கப் படிவமும் பட்டனும்தான். வேலை முடிந்தால் ஹவுஸ், டெக்னோ, டிரம் அண்ட் பேஸ். இந்த இசையில் எனக்குப் பிடித்தது அதன் கட்டுமானம். கிக் என்ற கனத்த டிரம் ஒலி ஒவ்வொரு அடிக்கும் விழுந்துகொண்டே இருக்கும். எட்டு பார் (நான்கு அடி சேர்ந்தால் ஒரு பார்) கழித்து ஒரு ஹை-ஹாட், அதாவது ஜோடித் தட்டின் கூர்மையான ஒலி, சேரும். இன்னும் எட்டு பார் போனால் பேஸ் நுழையும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாறுகிறது, அந்த ஒன்றுக்கே கூட்டம் முழுக்கத் திரும்புகிறது. நல்ல கோடு எழுதுபவருக்கு இந்த ஒழுங்கு உடனே பிடித்துப்போகும் என்று நம்புகிறேன்.

உள்ளூர் டெவலப்பர் கூடுகைகளுக்கும் தவறாமல் போகிறேன். பெரும்பாலும் ஒருவர் ஸ்லைடு காட்டுவார், மற்றவர்கள் பார்ப்போம், கைதட்டிக் கலைவோம். ஆனால் எல்லாம் முடிந்தபின் யாராவது லேப்டாப்பைத் திறந்து "இங்கே பாருங்கள், இதை இப்படிச் செய்கிறேன்" என்பார் இல்லையா, அப்போது கற்றதுதான் மனதில் நிற்கிறது. இன்று நான் பயன்படுத்தும் கருவிகளில் பாதி அப்படிப் பக்கத்து நாற்காலியின் திரையைப் பார்த்து வந்தவை.

சரி, யோசனை இதுதான். ஸ்லைடே இல்லாத ஒரு மாலை. பிரவுசரில் இசை செய்வோம், எல்லோர் திரையும் திறந்திருக்கும், கடைசியில் கொஞ்சம் ஆடவும் செய்வோம். இதை நடத்திப் பார்த்தவர்கள், இசை தெரிந்தவர்கள், கருவிப் பிரியர்கள் எல்லோரிடமும் கேட்கிறேன்: எங்கே தொடங்குவது? பிரவுசரில் தாளம் நழுவாமல் நிற்குமா?

---

நள்ளிரவுத்தாளம்

நல்ல யோசனை. ஆனால் கோடுக்குள் போகும் முன் காதுக்குக் கொஞ்சம் வேலை கொடுங்கள். இந்த இசை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், என்ன செய்ய வேண்டும் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

ஹவுஸ் பிறந்தது சிகாகோவில். அங்கே வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் 1977 முதல் 1982 வரை ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு ஓட்டினார். ஹவுஸ் என்ற பெயர் அந்தக் கிளப்பின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். டெட்ராய்ட்டில் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற பள்ளித் தோழர்கள் மூவர் டெக்னோவுக்கு வடிவம் கொடுத்தார்கள். இரண்டு ஊர்களிலும் கையில் இருந்தவை ஏறக்குறைய ஒரே கருவிகள். ரோலண்ட் நிறுவனத்தின் 808 டிரம் மெஷின் 1980ல் வந்தது, 909 வந்தது 1983ல். இரண்டிலும் முகப்பில் 16 பட்டன் வரிசையாக இருக்கும். ஒரு பாரை 16 துண்டாக வெட்டி, எந்தத் துண்டில் ஒலி விழ வேண்டுமோ அதை அழுத்த வேண்டியதுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 303இன் கதை. தனியாகப் பயிற்சி செய்யும் இசைக்கலைஞருக்குப் பேஸ் கிட்டார்காரர் இல்லாத குறையைத் தீர்க்க ரோலண்ட் 1981ல் கொண்டுவந்த சின்னப் பெட்டி அது. அந்த வேலைக்கு யாரும் அதை விரும்பவில்லை. 1984ல் தயாரிப்பு நின்றது. பழைய பொருளாகக் குறைந்த விலைக்குக் கைமாறியது. சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு அதன் ஃபில்டர் குமிழ்களை ஒலிக்கும்போதே திருகித் திருகி ஒரு நெளியும் ஒலியைக் கண்டுபிடித்தது. 1987ல் அது இசைத்தட்டாக வெளிவந்தது, ஆசிட் ஹவுஸ் என்று ஒரு வகையே கிளம்பியது.

அதற்கும் ஐந்து ஆண்டுகள் முன்பே, 1982ல், மும்பையில் திரைப்பட இசையில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் அதே 303ஐயும் 808ஐயும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்திருக்கிறார். அப்போது யாரும் கவனிக்கவில்லை. 2010ல் மறுபடி வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. முதல் கூடுகையில் அந்த ஆல்பத்தைக் கொஞ்சம் ஒலிக்க விடுங்கள். இந்த இசை நமக்குத் தூரத்துச் சொந்தம் என்ற எண்ணம் போய்விடும்.

---

அரைப்புள்ளி

தாளம் நழுவுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஜாவாஸ்கிரிப்டின் செட்-இன்டர்வல் டைமரை வைத்து அடித்தால் நிச்சயம் நழுவும். கணக்குப் பாருங்கள். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) என்றால் ஓர் அடி 500 மில்லிநொடி, அதில் கால் பங்கு, அதாவது 16இல் ஒரு துண்டு, 125 மில்லிநொடி. ஜாவாஸ்கிரிப்ட் டைமர் "125 கழித்துக் கூப்பிடு" என்பதை "125க்குக் குறையாமல், கை ஒழியும்போது கூப்பிடு" என்றுதான் எடுத்துக்கொள்கிறது. நடுவில் லேஅவுட் கணக்கு ஓடலாம், நினைவகச் சுத்தம் நடக்கலாம், பெரிய ஜேசன் தரவு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருக்கலாம். இருபது முப்பது மில்லிநொடி தள்ளிப்போவது பட்டனுக்குப் பிரச்சினை இல்லை. ஹை-ஹாட்டுக்குப் பெரிய பிரச்சினை; காது உடனே கண்டுபிடித்துவிடும்.

பிரவுசரில் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று ஜாவாஸ்கிரிப்டுடையது. இன்னொன்று, பிரவுசரில் ஒலி செய்வதற்கான வெப் ஆடியோவின் ஆடியோகான்டெக்ஸ்ட் வைத்திருக்கும் கரண்ட்-டைம். இது ஒலி வன்பொருளோடு ஓடுவது, துல்லியமானது. கிறிஸ் வில்சன் 2013ல் இதை விளக்கி எழுதிய முறையைத்தான் இன்றும் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள். டைமர் சுமார் 25 மில்லிநொடிக்கு ஒரு முறை எழுந்து, அடுத்த 100 மில்லிநொடிக்குள் எந்தெந்த ஒலி வர வேண்டும் என்று பார்த்து, அவற்றை ஆடியோ கடிகாரத்தின் நேரத்தோடு ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போகும். வண்டிக்கு முன்கூட்டியே சீட்டு எடுத்து வைப்பதுபோல. டைமர் கொஞ்சம் தாமதமாக எழுந்தாலும் ஒலி ஏற்கெனவே வரிசையில் நிற்கிறது.

முன்னோக்கும் அந்த 100 மில்லிநொடியில் ஒரு பேரம் இருக்கிறது. அதை நீட்டினால் தாளம் பாதுகாப்பு, ஆனால் வேகத்தை மாற்றினால் மாற்றம் தாமதமாகக் கேட்கும். குறைத்தால் கை வைத்ததும் பலன், ஆனால் பக்கம் கொஞ்சம் திணறினாலும் அடி விட்டுப்போகும். மேடையில் ஓடும் லேப்டாப்பில் வேறு என்னென்ன திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இதைத் தீர்மானியுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். பயனர் ஒரு முறை சொடுக்காமல் குரோம் ஒலியைத் தொடங்க விடாது, மற்ற உலாவிகளிலும் இப்படித்தான். அதனால் "தொடங்கு" என்று ஒரு பட்டன் வைத்து அதில் ரெஸ்யூமைக் கூப்பிடுங்கள். முதல் முறை எழுதுபவர்கள் "கோடு சரி, சத்தம் வரவில்லை" என்று நெடுநேரம் தேடுவது இதைத்தான். அப்புறம், பின்னணித் தாவலில் டைமர்களை நொடிக்கு ஒரு முறை என்று உலாவி குறைத்துவிடலாம். ஒலி ஓடும் தாவலுக்கு விலக்கு தரும் உலாவிகள் உண்டு, இருந்தாலும் டைமரை, பக்கத்திலிருந்து தனியாக ஓடும் ஒரு வொர்க்கரில் வைத்துவிடுவது நிம்மதி.

---

பக்கவடிவன்

அருமையான விளக்கம், நன்றி. இதையெல்லாம் நாமே எழுத வேண்டுமா? டோன்.ஜேஎஸ் போட்டால் முடிந்துவிடாதா?

---

அரைப்புள்ளி

முடிந்துவிடும். யோதம் மான் தொடங்கிய நூலகம் அது. டிரான்ஸ்போர்ட் என்று அதில் ஒன்று இருக்கிறது, நான் மேலே சொன்ன முன்னோக்கு வேலையை அதுவே செய்துகொள்ளும். பாரும் அடியும் சொன்னால் போதும். ஆனாலும் என் கருத்து: கூடுகையில் ஒரே ஒரு முறை எல்லோரும் கையால் எழுதிப் பார்க்கட்டும். 16 செக்பாக்ஸ், ஒரு கிக், ஒரு டைமர். முதலில் செட்-இன்டர்வலோடு ஓடவிட்டு, ஜன்னலை வேகமாக இழுத்துப் பெரிதாக்கிச் சிறிதாக்கச் சொல்லுங்கள். தாளம் தடுமாறுவதைக் காதால் கேட்பார்கள். பிறகு ஆடியோ கடிகாரத்துக்கு மாற்றுங்கள். பக்கத்தின் வேலைகள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும் மெயின் த்ரெட் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது.

வெப் ஆடியோ 2021 ஜூனில், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் முழுப் பரிந்துரையாகிவிட்டது. அதனால் இன்று எழுதுவது நாளை உடையுமோ என்ற பயம் வேண்டாம்.

---

சங்குப்பூ

நான் லைவ் கோடிங் செய்பவள், அதாவது கூட்டத்தின் முன்னேயே கோடு எழுதி இசை எழுப்புபவள். நீங்கள் தேடுவதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: அல்கோரேவ். அலெக்ஸ் மெக்லீனும் நிக் காலின்ஸும் வைத்த பெயர். 2012ல் லண்டனில் முதல் நிகழ்ச்சி நடந்தது. அதற்கு முன்பே, 2004ல், டாப்லாப் என்ற குழு ஹாம்பர்க்கில் கூடி ஓர் அறிக்கை எழுதியது. அதில் முக்கியமான கோரிக்கை, நிகழ்த்துபவர் தன் திரையைக் கூட்டத்துக்குக் காட்ட வேண்டும் என்பது. பக்கவடிவன் கேட்பதும் அதையேதான்.

கருவிக்கு ஸ்ட்ரூடலைப் பாருங்கள். மெக்லீன் ஹாஸ்கெல் மொழியில் எழுதிய டைடல் சைக்கிள்ஸை, ஃபெலிக்ஸ் ரூஸும் அவரும் 2022ல் ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொண்டுவந்தார்கள். எதையும் நிறுவ வேண்டாம், பக்கத்தைத் திறந்து ஒரு வரி எழுதி கன்ட்ரோல் - என்டர் அழுத்தினால் ஒலிக்கும். கூடுகைக்கு இது மிகப் பெரிய வரம். நிறுவல் சிக்கலிலேயே பாதி மாலை போகும் பயிலரங்குகளை எல்லோரும் பார்த்திருப்போம்.

அதில் நேரம் சுழற்சியாக ஓடும். ஒரு சுழற்சியில் நான்கு அடி என்று வைத்துக்கொண்டால், 128 பிபிஎம் என்பது நிமிடத்துக்கு 32 சுழற்சி. ஒரு சுழற்சிக்குள் நான்கு எழுதினால் நான்கு, ஏழு எழுதினால் ஏழு, அதே நேரத்துக்குள் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். ஏழு அடிக்குப் பழகிய காதுகளுக்கு இது நல்ல விளையாட்டு.

யூக்ளிடியத் தாளம் என்று ஒரு வசதியும் உண்டு. எட்டு இடத்தில் மூன்று அடியை முடிந்தவரை சமமாகப் பரப்பு என்றால் 3+3+2 கிடைக்கும். கியூப இசையிலிருந்து எத்தனையோ நடனப் பாட்டுகள் வரை அந்த அமைப்பு ஓடுகிறது. ஏழு இடத்தில் மூன்று அடி என்றால் 2+2+3. அதையே சுழற்றித் தொடங்கினால் 3+2+2, நம் கர்நாடக இசையின் ஏழு அடித் தாளமான மிஸ்ர சாபு வந்துவிட்டது! காட்ஃபிரீட் டூசேன் என்ற கணினி அறிஞர் 2005ல் ஒரு கட்டுரையில், இப்படி யூக்ளிடின் மீப்பெரு பொதுவகுத்தி முறையிலிருந்து பல நாட்டுத் தாளங்கள் பிறப்பதைக் காட்டினார். ஓர் அறையில் உள்ள டெவலப்பர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த ஒரு மணி நேரம் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

---

நள்ளிரவுத்தாளம்

சங்குப்பூ, அங்கேதான் எனக்குக் கவலை. எழுந்திருக்காவிட்டால் அது நடன இசை மாலை ஆகுமா? திரையில் கோடு ஓடினால் கண் அங்கே போய்விடும், கால் நின்றுவிடும். நான் பார்த்த சில நிகழ்ச்சிகளில் கூட்டம் முழுக்கக் கைகட்டி நின்று அடைப்புக்குறிகளைப் படித்துக்கொண்டிருந்தது.

டிஜேவுக்குத் தெரிந்த ஒன்று நிரலாளருக்கும் வேண்டும்: பொறுமை. 128 பிபிஎம்மில் 16 பார் சரியாக 30 நொடி. அந்த 30 நொடிக்குள் பெரிதாக ஒன்றும் மாறக்கூடாது. உடம்பு அந்தத் தாளத்தை நம்பிய பிறகுதான் மாற்ற வேண்டும். லைவ் கோடிங்கில் விரல் சும்மா இருக்காது, நாலு நொடிக்கு ஒரு முறை எதையாவது மாற்றிவிடுகிறார்கள்.

---

சங்குப்பூ

நியாயமான கவலை, ஏற்கிறேன். எனக்குப் பழக்கமான வழி: அடுத்த மாற்றத்தை முன்பே எழுதி வைத்துவிட்டு, அழுத்தாமல் காத்திருப்பது. கூட்டமும் அந்த வரியைப் படித்துவிடுகிறது, பேஸ் வரப்போகிறது என்று அதற்கும் தெரிகிறது. ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரில் டிஜே கை வைத்துக்கொண்டு நிற்கும்போது உண்டாகும் எதிர்பார்ப்பு அப்படியே திரையிலும் உண்டாகிறது. அந்த 16 பாரும் அப்போது ஆட்டத்துக்கே போகும்.

ஆனால் திரையை அணைக்கச் சொன்னால் மாட்டேன். முதல் முறை வருபவர், "இவ்வளவுதானா, நாலு வரியா?" என்று நினைப்பதற்காகவே அது அங்கே இருக்கிறது. அவர்தான் அடுத்த கூடுகையில் வாசிப்பார்.

---

கட்டளைவரி

கருவிகள் பக்கம் நான் வருகிறேன். பெரிய பட்டியல் போட விருப்பமில்லை. "நான் பயன்படுத்தும் ஐம்பது மென்பொருள்" என்ற பட்டியலைப் படித்து யாரும் ஒன்றைக்கூடத் தொடர்ந்து பயன்படுத்தியதில்லை என்பது என் அனுபவம். கருவி ஒட்ட வேண்டுமானால், அது தீர்க்கும் வலியை அதே நிமிடம் பார்க்க வேண்டும்.

வலைவேலையில் நான் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுபவை இவை. டெர்மினலில் எஃப்இசட்எஃப்: கன்ட்ரோல் - ஆர் அழுத்தி, போன மாதம் அடித்த கட்டளையின் ஏதோ ஓர் எழுத்துத் துணுக்கைத் தட்டினால் எடுத்துத் தரும். ரிப்கிரெப்: கிட்-இக்னோரில் உள்ளதைத் தானே தவிர்த்துவிடுவதால் நோட்-மாட்யூல்ஸ் குப்பைக்குள் போய்த் தேடாது. உலாவியின் நெட்வொர்க் பலகையில் ஒரு கோரிக்கையை வலச்சொடுக்கி "காப்பி அஸ் கர்ல்" எடுத்து, டெர்மினலில் ஒட்டி, பதிலை, ஜேசனை அலசித் தரும் ஜேக்யூவுக்குள் விட்டால், பின்முனைக்காரரோடு வாக்குவாதம் செய்ய வேண்டிய தேவையே வராது. குரோமில் லோக்கல் ஓவர்ரைட்ஸ் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நேரலைத் தளத்தின் சிஎஸ்எஸ் கோப்பை உங்கள் கணினியில் மட்டும் திருத்தி, பக்கத்தைப் புதுப்பித்தாலும் மாற்றம் நிற்கும்படி செய்யலாம்.

இசைக்கோப்பு வேலைக்கு எஃப்எஃப்எம்பெக் ஒன்றே போதும் என்பேன். ஆளுக்கு ஓர் அளவில் ஒலித்துண்டு கொண்டுவருவார்கள். லவுட்நார்ம் ஃபில்டரில் போட்டு ஒரே உரப்புக்குக் கொண்டுவாருங்கள். முக்கியமாக, லூப்பாக ஓட வேண்டியதை எம்பி3யில் வைக்காதீர்கள். எம்பி3 குறியாக்கம் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்துவிடும், லூப் திரும்பும்போதெல்லாம் ஒரு துளி இடைவெளி வரும். வேவ் அல்லது ஃபிளாக்கில் வையுங்கள். பெயரில்லாத பாட்டுக்கோப்புகள் குவிந்து கிடந்தால் மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் ஒலிரேகையை வைத்தே அடையாளம் கண்டு பெயர் போட்டுவிடும். டிஜே பழக மிக்ஸ் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது, பிபிஎம்மும் சுருதியும் அதுவே கண்டுபிடிக்கும்.

கூடுகை நாளுக்கு ஒரே எச்சரிக்கை: இணையம் போகும். ஸ்ட்ரூடல் தன் ஒலித்துண்டுகளை இணையத்திலிருந்துதான் இறக்குகிறது. தேவையானவற்றை முன்பே இறக்கி, உங்கள் லேப்டாப்பில் ஒரு சிறு சர்வரில் வைத்து, அங்கிருந்து எடுக்கும்படி செய்யுங்கள். கோப்புகளைக் கை மாற்ற லோக்கல்சென்ட் போதும், ஒரே வைஃபையில் இருந்தால் சரி.

---

மின்மினி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இசை தெரியாது. சிஎஸ்எஸ் நன்றாக வரும், அனிமேஷன் செய்யப் பிடிக்கும். என்னைப் போன்றவர்களுக்கு இந்த மாலையில் வேலை இருக்குமா?

---

சங்குப்பூ

மின்மினி, உங்களைத்தான் தேடுகிறோம். அல்கோரேவில் பாதி வேலை காட்சிதான். ஒலிவியா ஜாக் எழுதிய ஹைட்ராவைத் திறந்து பாருங்கள். பழைய அனலாக் வீடியோ சின்தசைசர்களின் சாயலில் செய்தது, அதுவும் பிரவுசரிலேயே ஓடும். ஓர் அலையை எடுத்து, சுழற்றி, இன்னொன்றால் நெளியச் செய்வது ஒரே வரியில் சங்கிலியாக வரும். சொந்தமாகச் செய்ய ஆசை என்றால் வெப் ஆடியோவின் அனலைசர் நோடிலிருந்து அலைவரிசை அளவுகளை எடுத்து, ஒவ்வொரு சட்டகத்திலும் ஒரு சிஎஸ்எஸ் மாறியில் போடுங்கள். மீதி உங்கள் களம்.

---

அரைப்புள்ளி

ஒரு சேர்க்கை. ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்தால் ஒலி தாமதமாக வரும், காட்சி முந்திவிடும். கண்ணுக்கும் காதுக்கும் இடையே அந்த விலகல் அப்பட்டமாகத் தெரியும். கம்பி போடுங்கள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து கூடுகை விதியாகவே வையுங்கள். வலை அணுகல் வழிகாட்டியில், ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் திரை பளிச்சிடக்கூடாது என்று இருக்கிறது. ஒளிக்குத் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களைக் காப்பதற்காக. 128 பிபிஎம் என்றால் நொடிக்கு 2.13 அடி. ஆக அடிக்கு ஒரு பளிச் வரம்புக்குள் இருக்கிறது. அரை அடிக்கு ஒரு பளிச் என்றால் 4.27, வரம்பு மீறல். டிரம் அண்ட் பேஸ் 174இல் ஓடும்போது அடிக்கு ஒன்றே 2.9, விளிம்பில் நிற்கிறது. பளிச்சிடுவதற்குப் பதிலாக நிறம் மெல்ல ஏறி இறங்கட்டும், வடிவம் பெரிதாகிச் சிறிதாகட்டும். தாளம் அதிலும் அழகாகவே தெரியும்.

---

கூடுமிடம்

பல வருடமாக உள்ளூர்க் கூடுகை நடத்துகிறேன். இசையும் கருவியும் பேசிவிட்டீர்கள், ஆட்களைப் பற்றி நான் சொல்கிறேன். கூடுகை நிற்பதும் விழுவதும் அங்கேதான்.

நாளை மாற்றாதீர்கள். மாதத்தின் குறிப்பிட்ட ஒரு கிழமை, ஒரே இடம், ஒரே நேரம். "எல்லோருக்கும் எப்போது வசதி" என்று கருத்துக் கேட்க ஆரம்பித்தால் மூன்றாவது மாதம் யாருக்கும் நினைவிருக்காது. நடத்துபவர் இருவராவது வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் கூடுகைக்கும் காய்ச்சல் வரக்கூடாது. முடியும் நேரத்தையும் அறிவித்து, அந்த நேரத்தில் முடித்துவிடுங்கள். இரவு தனியாகத் திரும்ப வேண்டியவர்கள் அதைப் பார்த்துத்தான் வருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். நடத்தை விதிகளை முன்பே எழுதி, புகார் யாரிடம் சொல்வது என்று ஆளைக் காட்டி வையுங்கள். இசை, இருட்டு, கூட்டம் மூன்றும் இருக்கும் இடத்தில் இது கட்டாயம்.

புதிதாக வருபவர் வாசலில் பார்ப்பது முதுகுகளைத்தான். எரிக் ஹோல்ஷர் சொல்லிப் பரவிய பேக்மேன் விதி எளிமையானது: வட்டமாக நின்று பேசும்போது ஓர் ஆள் நுழையும் அளவுக்கு எப்போதும் ஒரு இடைவெளி விட்டு நில்லுங்கள். நுழைந்ததும் நகர்ந்து இன்னொரு இடைவெளி. தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டால் மாலை முழுக்க வேலை செய்யும்.

பேச்சு வேண்டாம் என்று பக்கவடிவன் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. ஐந்து நிமிடப் பேச்சு இரண்டு மூன்று இருக்கட்டும். கூச்சமுள்ளவர்கள் பேசியவரிடம் போய்ப் பேச்சுத் தொடங்க அது ஒரு காரணம் தரும். மற்றபடி திரையைத் திறந்து காட்டுவதுதான் உயிர். 1975 மார்ச் 5 அன்று மென்லோ பார்க்கில் கோர்டன் ஃபிரெஞ்சின் கார் கொட்டகையில் ஹோம்ப்ரூ கணினிக் கழகம் முதல் முறை கூடியபோதும் நடந்தது அதுதான். ஸ்டீவ் வாஸ்னியாக் பின்னால் ஆப்பிள் 1இன் மின்சுற்றுப் படத்தை அங்கே வருபவர்களுக்குப் பகிர்ந்துகொண்டார்.

ஒலி அளவைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட நெறிமுறையில், இசை நிகழ்விடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. அது உச்ச வரம்பு, இலக்கு இல்லை. சிறிய அறையில் அவ்வளவு தேவையே கிடையாது. காதடைப்பான்கள் வாசலில் இருக்கட்டும், ஸ்பீக்கருக்கு நேரே நாற்காலி வேண்டாம், பேசுவதற்கு ஒலி குறைந்த ஒரு மூலை வேண்டும்.

---

மின்மினி

ஒலித்துண்டுகளை எங்கிருந்து எடுப்பது? எதை வேண்டுமானாலும் வெட்டி எடுத்துப் போடலாமா?

---

நள்ளிரவுத்தாளம்

கேட்டது நல்லது. ஃப்ரீசவுண்ட் என்ற தளம் பார்சிலோனாவில் உள்ள பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005ல் தொடங்கியது. அங்கே ஒவ்வொரு ஒலிக்கும் உரிமம் எழுதியிருக்கும். சிசி0 என்றிருந்தால் எதற்கும் பயன்படுத்தலாம், பெயர் குறிப்பிடச் சொன்னால் குறிப்பிட வேண்டும், வணிகப் பயன் கூடாது என்றால் கூடாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த இசைக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. 1969ல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் ஒரு பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த சில நொடி டிரம் துண்டை வெட்டி எடுத்துத்தான் ஜங்கிளும் டிரம் அண்ட் பேஸும் எழுந்தன. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அது இருக்கிறது. கோல்மன் 2006ல் இறந்தார், கடைசிக் காலத்தில் அவருக்கு வீடுகூட இல்லை, அந்தத் துண்டுக்காக ஒரு காசும் வந்து சேரவில்லை. 2015ல் ரசிகர்கள் நிதி திரட்டி, குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 24,000 பவுண்டு கொடுத்தார்கள். கூடுகையில் வாசிப்பவர் எந்த ஒலி யாருடையது என்று கோடின் மேல்வரியிலேயே எழுதி வைக்கலாம். திரையும் திறந்திருக்கிறது, எல்லோரும் பார்ப்பார்கள்.

---

பக்கவடிவன்

எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்துவிட்டது. முடிவு செய்தவை: முதல் ஒரு மணி நேரம் 16 செக்பாக்ஸ் சீக்வென்சர், ஜோடி ஜோடியாக உட்கார்ந்து. நடுவில் ஐந்து நிமிடப் பேச்சு மூன்று. ஒன்று கட்டளைவரி செய்வது போன்ற கருவிக் காட்சி. கடைசியில் ஸ்ட்ரூடல், மின்மினியின் காட்சிகளோடு, கூடுமிடம் சொன்ன ஒலி அளவில். 16 பார் விதியைச் சுவரில் எழுதி ஒட்டப் போகிறேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. இரண்டு பேர் இரண்டு லேப்டாப்பில் ஒரே நேரத்தில் வாசித்தால் தாளம் சேருமா? பல கணினிகளின் தாளத்தைச் சேர்த்துவைக்கும் ஏபில்டன் லிங்க்கைப் பிரவுசரில் பயன்படுத்த முடியுமா?

---

அரைப்புள்ளி

நேரடியாக முடியாது. லிங்க் உள்ளூர் நெட்வொர்க்கில் யுடிபி மல்டிகாஸ்ட் மூலம் மற்ற கணினிகளைத் தேடும். வலைப்பக்கத்துக்கு அந்த அனுமதி கிடையாது. இடையில் ஒரு சிறு நிரல் லிங்க்கோடு பேசி, வெப்சாக்கெட் வழியாகப் பக்கத்துக்குச் சொல்ல வேண்டும்.

கையில் மிடி (இசைக்கருவிகளும் கணினிகளும் பேசிக்கொள்ளும் முறை) இடைமுகம் இருந்தால் ஒரு கணினி மிடி கடிகாரம் அனுப்பலாம், ஓர் அடிக்கு 24 துடிப்பு வரும். வெப் மிடி குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் இருக்கிறது, சஃபாரியில் இல்லை. முதல் கூடுகைக்கு இரண்டுமே வேண்டாம் என்பேன். ஒரே லேப்டாப், ஒரே ஸ்பீக்கர், இரண்டு விசைப்பலகை. ஒருவர் டிரம் வரிகளை எழுதட்டும், அவர் கையை எடுத்ததும் மற்றவர் பேஸ் வரியை எழுதட்டும்.

---

சங்குப்பூ

அதற்கு ஃப்ளோக் என்ற தளமும் இருக்கிறது. ஒரே பக்கத்தில் பலர் சேர்ந்து எழுதலாம், ஸ்ட்ரூடலும் ஹைட்ராவும் அதற்குள்ளேயே ஓடும். ஸ்பீக்கரில் இணைந்த லேப்டாப்பில் மட்டும் ஒலியைத் திறந்து, மற்றவற்றில் அடைத்துவிடுங்கள். நானும் கட்டளைவரியும் முந்தின நாள் சாயங்காலம் வந்து ஒலித்துண்டு சர்வரைச் சோதித்துக் கொடுக்கிறோம். நீங்கள் நீளமான ஆடியோ கம்பியும் ஒரு பவர் ஸ்டிரிப்பும் மட்டும் ஏற்பாடு செய்யுங்கள்.